கதவடைச்சான் மகள்

சேக்காளிகளே, போன குருத்தோலை ஞாயிறு அன்று நம் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் நம் ஊர்க் கோயிலின் படத்தைப் போட்டார். படத்துக்குக் கீழே, "ஏசுவையே வெயில்ல நிறுத்தி வச்ச கதவு இருந்த இடம்" என்று எழுதியிருந்தார். உடனே வரிசையாகச் சிரிக்கிற முகங்கள் வந்து விழுந்தன. பேரன் பேத்தி எடுத்த ஒருத்தி, "கதவடைச்சான் மகளே, எங்க இருக்க? பதில் சொல்லு" என்று கேட்டிருந்தாள்.

சொல்லத்தான் போகிறேன். அன்றைக்கே எழுதியிருப்பேன், ஆனால் கட்டை விரலால் தட்டி முடிகிற கதை இல்லை இது. நீங்கள் எல்லாரும் அன்று வெளியே நின்றீர்கள். கையில் ஓலை, தலையில் வெயில், வாயில் ஓசன்னா. உள்ளே இருந்தது என் அப்பாவும் நானும்தான். அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். கதவுக்கு உள்பக்கம் என்ன நடந்தது என்று பார்த்த சாட்சி நான் ஒருத்திதான் மிச்சம். எனக்கும் முழங்கால் வலி வந்துவிட்டது, இனியும் தள்ளிப்போட முடியாது.

இந்தக் குழுவில் வருவதை உங்கள் மருமக்களும் எட்டிப் பார்த்துப் படிப்பார்கள் என்பதால் வழக்கத்தைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். குருத்தோலை ஞாயிறு என்றால் பாஸ்குவுக்கு, அதாவது ஈஸ்டருக்கு, முந்தின ஞாயிறு. காலையில் சனம் முழுக்க ஊர் எல்லையில் சிலுவை நட்டிருக்கும் குருசடியில் கூடும். சாமியார் தென்னங்குருத்துகளை மந்திரித்துக் கொடுப்பார். அதைப் பிடித்துக்கொண்டு பாடியபடியே கோயிலுக்கு வருவோம். வந்தால் கோயில் கதவு சாத்தியிருக்கும். வெளியே நிற்கிறவர்கள், "கதவுகளே, திறவுங்கள், மகிமையின் அரசர் வருகிறார்" என்று பாட வேண்டும். உள்ளே இருக்கிறவர்கள், "மகிமையின் அரசர் யார்?" என்று கேட்க வேண்டும். வெளியிலிருந்து பதில் வரும். இப்படி மூன்று முறை. மூன்றாவது பதில் முடிந்ததும் சாமியார் சிலுவையின் அடிக்கட்டையால் கதவைத் தட்டுவார். கதவு திறக்கும். சனம் உள்ளே பாயும்.

உள்ளே நின்று பாடுவதை நம் ஊரில் உள்பாட்டு என்றோம். கோயில் கட்டக் கல் சுமந்த குடும்பங்களுக்கு ஆளுக்கொரு உரிமை உண்டு, ஞாபகம் இருக்கும். ஒரு வீட்டுக்குத் தேர் வடத்தில் முதல் பிடி. இன்னொரு வீட்டுக்குப் பெரிய வெள்ளியில் மணிக்குப் பதிலாக மரக்கட்டையைத் தட்டுகிற வேலை. எங்கள் வீட்டுக்கு உள்பாட்டு. அப்பாவும் அவர் தம்பியான என் சித்தப்பாவும் அதைப் பாடினார்கள். அப்பா கேள்வியை எடுப்பார், பாதியில் சித்தப்பா கீழ்ச்சுருதியில் வந்து சேர்ந்துகொள்வார். சாத்திய கதவு வழியாக அந்த இரட்டைக் குரல் வரும்போது வெளியே கைக்குழந்தைகூட அழுகையை நிறுத்தும் என்று அம்மா சொல்வாள்.

ராகம் ரொம்பப் பழசு. முன்பு லத்தீனில் பாடினார்களாம். பூசை தமிழுக்கு மாறியபோது வார்த்தை மட்டும் மாறியது, ராகம் அப்படியே நின்றுவிட்டது. கேட்டால் கஷ்டமாகத் தெரியும், பாடினால் சுலபம். ஒரே சுருதியில் நேராகப் போகும், நடுவில் ஒரு படி ஏறும், கடைசியில் இரண்டு படி இறங்கி உட்காரும். தாளம் கிடையாது. வார்த்தை எவ்வளவு நீளமோ ராகமும் அவ்வளவு நீளம். அதனால் அதில் எதை வேண்டுமானாலும் ஏற்றிப் பாடலாம். எங்கள் திராட்சைத் தோட்டத்தில் அதுதான் நடந்தது.

பன்னீர்த் திராட்சைப் பந்தல் எவ்வளவு தாழ்வாக இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். குனிந்துதான் நடக்க வேண்டும், இந்தக் கோடியில் இருப்பவருக்கு அந்தக் கோடியில் இருப்பவரைத் தெரியாது. அப்பா இந்தக் கோடியிலிருந்து உள்பாட்டு ராகத்தில், "மோட்டாரைப் போட்டு விட்டாயா...?" என்று இழுப்பார். இலைக் கூரைக்கு அடியில் எங்கிருந்தோ சித்தப்பா, "கரண்டு போயி நேரமாச்சு..." என்று இரண்டு படி இறங்கி உட்காருவார். பழம் பறிக்க வந்த பெண்கள் கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பார்கள். அம்மாவுக்கு மட்டும் கோபம் வரும்.

"கோயில் பாட்ட வச்சா வெளையாடுறது? ஆண்டவர் கேட்டுக்கிட்டு இருக்காக."

"கேக்கட்டும், அவருக்கும் கரண்டு போனது தெரியணும்ல" என்பார் சித்தப்பா.

சித்தப்பாவுக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை, எங்கள் வீட்டில்தான் இருந்தார். அப்பாவுக்கு அவர் மேல் உயிர். ஆனால் அதை வாயால் சொல்ல அப்பாவுக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம் அதட்டல்தான். சாப்பிட்டாயா என்பதைக்கூட, "இன்னுமா திங்கல?" என்றுதான் கேட்பார்.

சண்டை வந்தது கிறிஸ்மஸுக்குக் கொஞ்சம் முன்னால். கொடிக்குக் கவாத்து வெட்டுகிற வாரம். அண்ணனும் தம்பியும் ஆளோடு ஆளாக நின்றால்தான் வேலை முடியும். அன்று காலையில் சித்தப்பாவைக் காணோம். அப்பா கத்திரியும் கையுமாகத் தோட்டத்து வரப்பில் நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கம்பத்துப் பக்கம் போகிற ரோட்டில் ஒரு ஜீப் வந்தது. ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு கூடலூர் வழியாக மலைக்குப் போகிற ஜீப். உள்ளே பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள், பின்னால் இரண்டு பேர் தொற்றிக்கொண்டு நின்றார்கள். ஓட்டுகிற இடத்தில் சித்தப்பா. அண்ணனைப் பார்த்ததும் ஹாரன் வேறு அடித்தார். சந்தோஷத்தில் அடித்ததாகப் பிறகு சொன்னார். அப்பாவுக்கு அது கேலியாகப் பட்டது.

சாயங்காலம் தெருவில் வைத்தே கத்தல். யாரிடமும் சொல்லாமல் எப்படிப் போனாய் என்று அப்பா, சொன்னால் விட்டிருப்பீர்களா என்று சித்தப்பா. கடைசியில் அப்பா சொல்லிவிட்டார்.

"இனிமே என் வீட்டுக் கதவு ஒனக்குத் தொறக்காது."

"நானும் வந்து தட்ட மாட்டேன்" என்றார் சித்தப்பா.

ஊரே கேட்டது. உங்களில் பாதிப்பேர் அப்போது எங்கள் தெருவில் பம்பரம் விட்டுக்கொண்டிருந்தீர்கள். சித்தப்பா துணிமணிகளை எடுத்துக்கொண்டு கூடலூரில் டிரைவர்கள் தங்கும் அறைக்குப் போய்விட்டார். கிறிஸ்மஸ் பூசைக்கு வந்தவர் கடைசி வரிசையில் நின்றுவிட்டு, முடிந்ததும் போய்விட்டார். வீட்டில் அம்மா அவருக்கென்று எடுத்து வைத்த அதிரசம் தை மாதம் வரை டப்பாவில் கிடந்தது.

அதற்குப் பிறகு பந்தலுக்கு அடியில் பாட்டு இல்லை. அப்பா குனிந்து வருவார், குனிந்து போவார். மோட்டார் ஓடுகிறதா என்று பார்க்க அவரே அந்தக் கோடி வரை நடப்பார். அம்மா என்னிடம், "ஒங்கப்பாவுக்குக் கோவம் தீரல, அதான் வாயத் தொறக்க மாட்டேங்குறாக" என்றாள். நானும் நம்பினேன்.

பாஸ்குவுக்கு முந்தின நாற்பது நாள் தபசு காலம் வந்ததும் ஊருக்குள் ஒரே கேள்வி. உள்பாட்டு யார் பாடுவது? இரண்டு குரல் வேண்டும். ஒரு குரல் கூடலூரில் ஸ்டியரிங் பிடித்துக்கொண்டிருக்கிறது. அம்மா ஒரு நாள் சோறு போடும்போது மெதுவாக ஆரம்பித்தாள்.

"தம்பியக் கூப்பிட்டு விடுங்க. கோயில் காரியத்துக்கு வர மாட்டேன்னா சொல்லப் போறாக?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் ஊறுகாயை நக்கிக்கொண்டிருந்தேன்.

"எம் மக பாடுவா."

எனக்குப் புரை ஏறிவிட்டது. சேக்காளிகளே, அந்த நிமிடத்தை என்னால் இன்றும் உட்கார்ந்துகொண்டு சொல்ல முடியாது. உள்பாட்டு. நான். பெண்பிள்ளை யாரும் அதற்கு முன்னால் அந்தக் கதவுக்கு உள்ளே நின்று பாடியதில்லை. அம்மா வாயில் கை வைத்தாள்.

"பொட்டப்புள்ள உள்பாட்டுப் பாடுனா ஊர்ல என்ன சொல்லுவாக?"

"கதவுக்குப் பின்னால நிக்கப் போறா. யாரு பாக்கப் போறாக?"

அந்த ராகம் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பந்தலுக்கு அடியில் கேட்டே ஊறியிருந்தது. அன்றிலிருந்து நான் பாடாத இடம் இல்லை. வாய்க்காலில் குளிக்கும்போது பாடினேன். கடைக்குப் போய், "கால் கிலோ சீனி தாருங்கள்..." என்று இரண்டு படி இறங்கி நின்றேன். கடைக்காரர் தராசைப் பிடித்தபடி என்னையே பார்த்தார். வகுப்பில் ஆஜர் சொல்வதைக்கூட ராகத்தில் சொல்லி முட்டி போட்டேன், அதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

புதுப் பாவாடை வேண்டும் என்று அடம் பிடித்தேன். "யாரும் பாக்காத எடத்துல நிக்கிறவளுக்குப் புதுசு எதுக்கு?" என்று அம்மா கேட்டது நியாயம்தான். ஆனால் நான் சாப்பிடாமல் படுத்துக்கொண்டதால் சின்னமனூர்ச் சந்தையில் வாங்கினாள். தக்காளிச் சிவப்பு, ஓரத்தில் மஞ்சள் பட்டை. அப்படி ஒரு பாவாடை பிறகு நான் கட்டவே இல்லை.

சனிக்கிழமை குருத்து வெட்டு. தோப்புக்காரர் இந்துவாக இருந்தாலும் வருஷா வருஷம் அவர் தோப்பிலிருந்துதான் நம் கோயிலுக்குக் குருத்து. "ஒங்க சாமி ஊர்கோலத்துக்கு எங்க மரம் குடுக்கலேன்னா எப்புடி?" என்று ஆள் விட்டு ஏற்றி வெட்டித் தள்ளுவார். இளங்குருத்தின் அந்த வெண்மஞ்சள் நிறமும், கிழிக்கும்போது வருகிற பால் வாசனையும் இன்றைக்கும் எனக்கு மூக்கில் இருக்கிறது. பையன்கள் ஓலையில் பாம்பு செய்து எங்கள் கழுத்தில் போட்டார்கள். நான் மட்டும் சிலுவை மடித்தேன். உள்பாட்டுக்காரி அல்லவா, எனக்கென்று ஒரு கெத்து இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் குருசடிக்குப் போக, நானும் அப்பாவும் எதிர்த்திசையில் கோயிலுக்குப் போனோம். சாமியார் உடுப்பு மாற்றும் அறையின் பின்வாசல் வழியாக உள்ளே நுழைந்தோம். காலியான கோயிலை அன்றுதான் நான் முதல் தடவை பார்த்தேன். சுரூபச் சிலைகளுக்கெல்லாம் ஊதாத் துணி போர்த்தியிருந்தார்கள். உருகின மெழுகு வாசனை, வௌவால் வாசனை, கால் வைத்தால் சில்லென்று தரை. நான் செருமினால் கூரை திரும்பச் செருமியது.

அந்தப் பெரிய கதவு இப்போது இல்லை. இழுத்து மூடுகிற இரும்புக் கதவு போட்டுவிட்டார்கள். பழையது வேங்கை மரம், இரட்டைக் கதவு, இரண்டு ஆள் உயரம். உள்பக்கம் குறுக்கே ஒரு கட்டை போடுவார்கள், அதைத் தூக்க அப்பாவுக்கே இரண்டு கையும் வேண்டும். அப்பா கதவைச் சாத்திக் கட்டையைப் போட்டார். நான் சாவித் துவாரத்தில் கண்ணை வைத்தேன். தெரிந்தது ஒரு துண்டு வானமும் கொடிமரத்தின் கயிறும்தான்.

"பயமா இருக்கா, ஆத்தா?" என்றார் அப்பா.

"இல்லப்பா" என்றேன். நிஜமாகவே இல்லை. ஒண்ணுக்கு மட்டும் வந்தது.

முதலில் கொட்டுச் சத்தம் கேட்டது. பிறகு ஓசன்னா. அது கிட்ட வர வரக் கதவுப் பலகை அதிர ஆரம்பித்தது. நான் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன், மரம் முழுக்க உங்கள் சத்தம் ஓடியது. ஓலைகள் ஒன்றோடொன்று உரசுகிற சரசரப்பு. பிறகு யாரோ கை காட்டியிருக்க வேண்டும், எல்லாம் ஒரேயடியாக நின்றது.

வழக்கமாக வெளிப்பாட்டைச் சாமியார்தான் பாடுவார். அந்த வருஷத்துச் சாமியார் புதிது, கடற்கரைப் பக்கத்துக்காரர், வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. தபசு காலம் முழுக்கப் பிரசங்கம் வைத்து அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. குருசடியில் வைத்து, "இந்த ராகம் யாருக்குத் தெரியும்?" என்று கேட்டிருக்கிறார். நீங்கள் எல்லாரும் சேர்ந்து ஓரமாக நின்ற சித்தப்பாவைக் காட்டிக் கொடுத்திருக்கிறீர்கள். அண்ணன் தம்பி சண்டை சாமியாருக்குத் தெரியாது. "நீயே பாடுப்பா" என்று பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். இதெல்லாம் எங்களுக்கு உள்ளே தெரியாது. சாமியாரின் கரகர குரலுக்காகத்தான் நாங்கள் காத்திருந்தோம்.

"கதவுகளே, திறவுங்கள்..."

சித்தப்பாவின் குரல். தண்ணீர் மாதிரித் தெளிவாக, பலகையைத் தாண்டி உள்ளே வந்தது. நான் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கட்டையின் மேல் கை வைத்தபடி அப்படியே நின்றார். பதிலுக்குக் கேள்வியை எடுக்க வேண்டும், எடுக்கவில்லை. நான் அவர் வேட்டியை இழுத்தேன். அவர் ஆரம்பித்தார்.

"மகிமையின் அரசர் யார்...?"

நான் பாதியில் சேர்ந்துகொண்டேன். என் குரல் கூரைக்குப் போய் வேறு யாருடைய குரலோ போலத் திரும்பி வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. வெளியிலிருந்து சித்தப்பா பதில் பாடினார். அவர் கடைசியில் இறங்கி உட்கார்ந்ததும் அப்பா எடுத்தார், நான் சேர்ந்தேன். மறுபடி பதில். மறுபடி கேள்வி. மூன்றாவது பதிலும் முடிந்தது. சிலுவைக் கட்டையால் தட்டும் சத்தம் என் காதுக்குப் பக்கத்தில் இடி மாதிரி விழுந்தது.

இப்போது கட்டையைத் தூக்க வேண்டும். அப்பா தூக்கவில்லை. கதவின் மேல் காதை வைத்துக்கொண்டு மறுபடியும் கேட்டார்.

"மகிமையின் அரசர் யார்...?"

நான் சேர்ந்துகொள்ளவே மறந்துவிட்டேன். பிறகு சித்தப்பா பதில் பாடினார். மறுபடி தட்டல். அப்பா மறுபடி கேட்டார், சித்தப்பாவும் மறுபடி பதில் பாடினார்.

உங்கள் பக்கம் சலசலப்பு ஆரம்பித்தது எனக்கு நன்றாகக் கேட்டது. "என்னய்யா இது, சாமியார் நிக்கிறாக" என்று ஒரு குரல். "சொன்ன சொல்லக் காப்பாத்துறான்யா. தம்பிக்குக் கதவத் தொறக்க மாட்டேன்னான்ல" என்று இன்னொரு குரல். "ஒரு குடும்பத்துச் சண்டைக்கு ஆண்டவரயா வெளிய நிறுத்துறது?" என்று ஒரு கிழவர். இடையில் அம்மாவின் குரலும் கேட்டது, "தொறங்க, மானம் போகுது" என்று அழுகிற மாதிரி.

"அப்பா, மூணு முடிஞ்சிருச்சு" என்றேன் நான்.

அப்பா என்னைப் பார்த்தார். அந்த முகத்தைத்தான் சேக்காளிகளே, இத்தனை வருஷமாக நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அதில் கோபம் இல்லை. கண் நிறைந்து கன்னத்தில் வழிந்துகொண்டிருந்தது, ஆனால் வாய் சிரித்தது. திருவிழாக் கடையில் நிற்கிற சின்னப்பிள்ளை மாதிரி இருந்தார்.

"இன்னொருக்காக் கேப்போம், ஆத்தா" என்றார் காதோடு. "நம்மாளு கொரலு நல்லாருக்குல்ல?"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. நாலு மாதமாக அந்தக் கோடியிலிருந்து பதில் வராமல் இருந்த மனுசனுக்கு இன்று கேட்கக் கேட்கப் பதில் வருகிறது. வீட்டில் கேட்க முடியாது, தெருவில் கேட்க முடியாது, கேட்டால் மானம் போய்விடும். இங்கே கேட்பது அவருடைய கடமை. பதில் சொல்வது தம்பியின் கடமை. கதவைத் திறந்தால் எல்லாம் முடிந்து போகும்.

நாங்கள் மறுபடியும் கேட்டோம். இந்த முறை நான் முழு மூச்சோடு பாடினேன். வெளியே பதில் வரவில்லை. அப்பா காதைக் கதவோடு அழுத்திக்கொண்டார். பதில் இனி வராதோ என்று நானும் பயந்துவிட்டேன்.

அப்புறம் வந்தது. அதே ராகம், அதே சுருதி, நடுவில் ஒரு படி ஏறி, கடைசியில் இரண்டு படி இறங்கி.

"நாந்தாண்ணே வந்திருக்கேன், கதவத் தொறங்கண்ணே..."

முதலில் யார் சிரித்தது என்று எனக்குத் தெரியாது. ஒருவர் சிரிக்க, கோயில் வாசல் முழுக்கக் கொல்லென்று சிரித்தது. தொண்டை கட்டின சாமியார்கூட இருமிக்கொண்டே சிரித்ததாகக் கேள்வி. அப்பா இரண்டு கையாலும் தூக்க வேண்டிய கட்டையை ஒரே கையால் தூக்கி எறிந்தார். அது தரையில் உருண்ட சத்தத்தில் வௌவால்கள் கலைந்து பறந்தன. கதவு திறந்தது. வெளிச்சமும் ஓலையும் காற்றும் நீங்களுமாக உள்ளே பாய்ந்தீர்கள். என் புதுப் பாவாடையை ஒரு நாய்கூடப் பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் அண்ணன் தம்பி மேலேயே இருந்தது.

அணைத்துக்கொள்வார்கள் என்று எதிர்பார்த்தீர்கள். எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் கிடையாது. அப்பா மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இன்னுமா திங்கல? தொண்ட வறண்டு கெடக்கு" என்றார். சித்தப்பா, "பூசைக்கு முன்னால எவன் திம்பான்?" என்றார். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று பூசை கண்டார்கள். மத்தியானம் எங்கள் வீட்டில் சித்தப்பா இலை போட்டுச் சாப்பிட்டார். ஜீப்பை விடவில்லை, ஆனால் கவாத்து வாரத்தில் மட்டும் மலைக்குப் போகமாட்டார். பந்தலுக்கு அடியில் மறுபடியும் கரண்டுச் செய்தி ராகத்தில் வர ஆரம்பித்தது.

மிச்சம் உங்களுக்குத் தெரியும். சாமியார் வாசலில் சிரித்தார், அறைக்குப் போய் யோசித்துவிட்டு, வழிபாட்டுக்குள் குடும்பச் சண்டையைக் கொண்டுவரக் கூடாது என்று அடுத்த வருஷத்திலிருந்து கதவை விரியத் திறந்து வைக்கச் சொல்லிவிட்டார். உள்பாட்டு அன்றோடு நின்றது. என் சங்கீத வாழ்க்கை ஒரே காலையில் ஆரம்பித்து அதே காலையில் முடிந்தது. அப்பாவுக்குக் கதவடைச்சான் என்று பெயர் வந்தது. தம்பி இறங்கி வருகிற வரை கதவைத் திறக்காத வீம்புக்காரர் என்று ஊர் முடிவு கட்டியது. அம்மாவும் கடைசி வரை அதையே நம்பினாள்.

நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒரு தடவை அப்பாவிடம், "நெசத்தச் சொல்ல வேண்டியதுதானப்பா?" என்று கேட்டேன்.

"வீம்புக்காரன்னா சொல்லிட்டுப் போறாக. தம்பி கொரலுக்கு ஏங்கிக் கெடந்தேன்னு ஊரக் கூட்டிச் சொல்லச் சொல்றியா?" என்றார். அதோடு மோட்டாரைப் பார்க்கப் போய்விட்டார்.

நீங்கள் குழுவில் சிரித்த மறுநாளே நான் தேனியிலிருந்து பஸ் ஏறிக் கூடலூர் போனேன். சித்தப்பாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. காது மந்தம். மலைக்கு ஜீப் ஓட்டியே பாதி மலையாளம் நாக்கில் ஏறியவர், காப்பியில் சீனி போடப்போன மருமகளிடம், "மதி, மதி" என்று போதும் என்பதாகக் கையைக் காட்டினார். நான் நாற்காலியை அவர் காதுப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, கதவுக்கு உள்ளே அப்பா சொன்னதை முதல் தடவையாக அவரிடம் சொன்னேன். இன்னொருக்காக் கேப்போம் என்றது, கொரலு நல்லாருக்குல்ல என்றது, கண்ணீர், சிரிப்பு எல்லாம். அண்ணன் வீம்பில்தான் நிறுத்தி வைத்தார் என்று இவரும் நினைத்துக்கொண்டே போய்ச் சேர்ந்துவிடக் கூடாதே என்று எனக்கு ஒரே படபடப்பு.

சித்தப்பா காப்பியை முழுக்கக் குடித்து முடித்தார்.

"இதச் சொல்லத்தான் வெயில்ல பஸ் ஏறி வந்தியாக்கும்?" என்றார். "எங்கண்ணன் கோவத்துல கேட்டாகன்னா இழுக்க மாட்டாக, வெட்டி விட்ருவாக. அன்னைக்குக் கடைசி எழுத்த இழுத்துக்கிட்டே போனாக. நாலாவது தடவ கேட்டப்பவே எனக்குப் புரிஞ்சு போச்சு, ஆத்தா."

"அப்ப ஏன் சித்தப்பா உடனே நாந்தான்னு சொல்லல? மறுபடி மறுபடி பாடிக்கிட்டே இருந்தீக?"

"சொன்னா கதவத் தொறந்துருவாகல்ல" என்றார் சித்தப்பா. "அத்தன மாசமா எங்கிட்ட ஒத்த வார்த்த கேக்காத மனுசன் அன்னைக்குத்தான் கேட்டுக்கிட்டே இருந்தாக. நான் எதுக்கு முடிச்சு விடணும்? சனம் வெயில்ல நிக்கிதேன்னு நிப்பாட்டுனேன். இல்லேன்னா மத்தியானம் வரைக்கும் பாடியிருப்பேன்."

அதனால் சேக்காளிகளே, பட்டப்பெயரை நான் எடுக்கச் சொல்லவில்லை. அப்பா ஒருவரே இத்தனை காலம் அதைச் சுமந்துவிட்டார். இனிமேல் பாதியைச் சித்தப்பாவுக்குக் கொடுங்கள். கேட்டுவிட்டேன், அவருக்குச் சம்மதம்.